அச்சைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பயிற்சி

போன வாரம் நம் முதலாளி, பாயின் மகன், மூன்று புத்தகங்களைக் கொடுத்தனுப்பினார். மூன்றும் டெக்னிக்கல் டைவிங் கற்றுத்தரும் ஏஜென்சிகளுடையவை. நூற்று முப்பது அடிக்குக் கீழே எப்படி இறங்குவது, அங்கிருந்து நின்று நின்று எப்படி ஏறுவது என்று சொல்லிக்கொடுத்து, முடிவில் ஒரு கார்டு தருகிறவர்கள். "புதுசா சேர்ந்த நாலு பேர அனுப்பணும். நீங்க பாத்து ஒண்ணச் சொல்லுங்க, போதும்" என்று போனிலும் சொன்னார். நான் மூன்றையும் உறை பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். கிழவருக்குக் கொழுப்பு என்று நீங்கள் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். இருந்த கொழுப்பெல்லாம் கரைந்து ஆறு வருடம் ஆகிறது. அது எப்படிக் கரைந்தது என்பதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் மூன்று தம்பிகளும் ஒரு தங்கச்சியும் என்று சொன்னார்கள். உங்களில் யாரையும் நான் பார்த்ததில்லை. என்னையும் உங்களுக்குத் தெரியாது. நம் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து தண்ணீருக்குள் வேலை பார்த்தவன் நான். பெரிய பாய், அதாவது இப்போதைய முதலாளியின் அப்பா, விருதுநகரில் பம்புசெட் கடை வைத்திருந்தார். கயிறு அறுந்து கிணற்றுக்குள் மோட்டார் விழுந்துவிட்டால் விவசாயிகள் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். அவர் ஆமத்தூர்ப் பக்கம் மூச்சுப் பிடித்து முங்கத் தெரிந்த எங்களை அனுப்புவார். பிறகு சிலிண்டர் வாங்கினார், கம்ப்ரெசர் வாங்கினார், கம்பெனி என்று பெயர் வைத்தார். தண்ணீர் எங்களுக்குப் பழகியதுதான். சிலிண்டர்தான் புதிது.

அதற்கு முன்னால் நான் ஒன்பது வருடம் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டினேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தெருவுக்கு ஓர் அச்சகம் இருக்கும் நம் ஊரில் பிறந்தவனுக்கு ஒரு தாளைக் கையில் கொடுத்தால் முதலில் என்ன செய்வான்? படிக்க மாட்டான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பான். நான்கு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அதாவது ரெஜிஸ்டர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பான். ஓரத்தை நகத்தால் தடவி வெட்டு நேராக இருக்கிறதா என்று பார்ப்பான். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே மாப்பிள்ளை பெயரைப் பார்க்காமல் லேமினேஷனைப் பார்க்கிற ஆட்கள் நாம். அச்சு சுத்தமாக இருந்தால் ஆளும் சுத்தம் என்று மனது முடிவு கட்டிவிடும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு தீபாவளி முடிந்த நேரம். அதுவரை நாங்கள் அறுபது எழுபது அடிக் கிணறுகளோடு நிறுத்திக்கொண்டிருந்தோம். ஆனால் மழை பொய்த்துக்கொண்டே போனதால், கைவிட்ட கல்குவாரிகளில் தேங்கிக் கிடந்த தண்ணீரை லாரிகளில் ஏற்றி விற்கத் தொடங்கியிருந்தார்கள். குவாரி ஒவ்வொன்றும் நூற்றைம்பது அடி இருக்கும். மிதவையில் கட்டிய மோட்டார்கள் விழுந்தால் எடுக்க ஆள் வேண்டும். பெரிய பாய் என்னைக் கூப்பிட்டு, "நம்ம அஞ்சு பேரும் முறையாப் படிச்சுட்டு வந்துருங்க. எங்க படிக்கன்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. எனக்குத் தண்ணியப் பத்தி என்ன தெரியும்?" என்றார். முடிவு என் கையில் இருந்தது. வேறு யார் கையிலும் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடங்களிலிருந்து தாள் வந்தது.

ஒன்று மேற்குக் கடற்கரையில் இருந்த ஏஜென்சியின் பயிற்சி மையம். அவர்கள் அனுப்பிய புத்தகம் ஆர்ட் பேப்பர். அட்டையில் நீலக் கடல், நடுவில் ஒரு டைவர், அவர் விடும் குமிழிகள் மட்டும் விரலுக்குத் தட்டுப்படும்படி பளபளப்பாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். அச்சுப் புள்ளிகளைப் பெரிதாகக் காட்டும் லூப் வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட விலகவில்லை.

இன்னொன்று தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் ஒரு பெண் நடத்திய பள்ளி. அவரும் ஏதோ ஒரு ஏஜென்சியின் பெயரில்தான் கற்றுக்கொடுத்தார். நாற்பது வயது இருக்கும். அவர் அனுப்பியது ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு. பாதிப் பக்கங்கள் சாய்ந்திருந்தன, ஓரமெல்லாம் கறுப்பு அடித்திருந்தது. ஒரு தாளை நேராக வைத்து ஜெராக்ஸ் எடுக்கத் தெரியாதவர் தண்ணீருக்குள் எதை நேராகச் செய்துவிடப் போகிறார் என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பாண்டிதான் அதிகமாகச் சிரித்தான்.

பாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஐந்து பேரில் இளையவன். அவனுடைய அப்பாவும் கிணறு முங்கியவர்தான். ஒரே மூச்சில் எழுபது அடி போய் மோட்டாரில் கயிறு கட்டிவிட்டு வருவான். கார்டு வாங்கினால் கம்பெனியில் சம்பளம் கூடும், கூடினால் கல்யாணம் என்று பெண் வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

தூத்துக்குடிதான் எங்களுக்குக் கிட்டத்தில் என்பதால் முதலில் அங்கேயே போய்ப் பார்ப்போம் என்று ஐந்து பேரும் போனோம். அந்தப் பெண் எங்களை உட்காரவைத்துக் கேள்வியாகக் கேட்டார். உங்கள் தண்ணீரில் கை தெரியுமா, அடியில் சேறா பாறையா, அவசரமாக மேலே ஏறி உடம்பு கெட்டவர்களைக் காற்றழுத்தத்தில் வைத்துக் குணப்படுத்தும் அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரத் தூரம், கம்பெனியில் ஆக்சிஜன் வைத்திருக்கிறீர்களா. பாதிக்குத் தெரியாது என்றேன், மீதிக்கு இல்லை என்றேன். நாம் பரீட்சை எழுதவா வந்தோம் என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு நீச்சல் குளத்தில் இறக்கி ஒவ்வொருவராகப் பார்த்தார். பன்னிரண்டு அடி ஆழம்தான். அடியில் உட்கார்ந்து முகத்தில் மாட்டிய கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வாய்க்குழாயில் மூச்சு விட்டுக்கொண்டு ஒரு நிமிடம் இருக்க வேண்டும். நாங்கள் நால்வரும் எப்படியோ சமாளித்தோம். பாண்டி கண்ணாடியைக் கழற்றிய உடனே தரையை உதைத்து விருட்டென்று மேலே வந்துவிட்டான். மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் வந்தான். மூன்றாவது முறையும் அப்படியே.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, அந்தத் தம்பி நல்ல முங்குறவருதான். ஆனா கிணத்துக்காரரு. பயம் வந்தா மேல வாராரு. மூச்சுப் பிடிச்சு முங்குறவங்களுக்கு அதுதான் உசிர காப்பாத்தும். சிலிண்டர் போட்டு ஆழத்துக்குப் போனா அதே பழக்கம் ஆளக் கொன்னுரும். இந்த வருசம் அவர எடுக்க மாட்டேன்."

"அவன் எங்கள்லயே கெட்டிக்காரன்மா" என்றேன்.

"தெரியுது. அதனாலதான் சொல்லுதேன். சித்திரையில ஒரு மாச வகுப்பு வைக்கேன். அவர மட்டும் வரச் சொல்லுங்க. வெறும் குளத்துலயே உக்காத்தி வச்சு அந்தப் பழக்கத்த எடுத்துருதேன். இடம் பிடிச்சு வைக்கேன், கட்டாயம் சொல்லிருங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். பாண்டி ஈரத் தலையோடு வாசலில் நின்றான். முகம் சுண்டிப்போயிருந்தது. "என்னண்ணே சொல்லுதாக?" என்று கேட்டான்.

"இந்தம்மாவுக்கு நம்மளப் பிடிக்கல. விடுலே, நல்ல இடமாப் போவோம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சித்திரை என்பதைச் சொல்லவில்லை. இடம் பிடித்து வைப்பதாகச் சொன்னதையும் சொல்லவில்லை. அவன் மனது நோகக் கூடாது என்று நினைத்ததாக வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. என் ஆளை ஒரு பெண், அதுவும் என்னைவிடச் சின்னவர், வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்ற கடுப்புதான்.

கார்த்திகையில் மேற்குக் கடற்கரைக்குப் போனோம். ஓட்டலோடு சேர்ந்த நீச்சல் குளம், வழவழப்பான பெயர்ப்பலகை, சுத்தமான சீருடை. கற்றுக்கொடுத்தவர் தங்கமானவர், யாரையும் கடிந்து பேசவில்லை. கண்ணாடி கழற்றுகிற பயிற்சி அங்கும் இருந்தது. பாண்டி மேலே வந்தபோது தோளைத் தட்டி, பரவாயில்லை, கடலில் சரியாகிவிடும் என்றார். கடலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கண்ணாடியைக் கழற்ற வேண்டிய வேலையே வரவில்லை. நான்கே நாள். ஐந்து பேருக்கும் கார்டு. கார்டையும் நான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அருமையான வேலை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். அவள் பட்டாசு ஆலையில் திரி வெட்டுகிறவள். வருடம் ஒருமுறை அவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடக்கும். வருகிறவர் பேசி முடித்துப் புரிஞ்சுதா என்று கேட்பார், எல்லோரும் புரிஞ்சுது என்பார்கள், கையெழுத்துப் போட்டதும் சர்டிபிகேட் சுவரில் ஏறிவிடும். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அஞ்சு பேரும் பாஸா?"

"ஆமா, அஞ்சு பேரும்."

"நாலே நாள்லயா? எங்க கம்பெனி வகுப்பு மாதிரியில்ல இருக்கு."

உனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன். தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று இப்போது தோன்றுகிறது.

பங்குனியில் வேலை வந்தது. ஆமத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு குவாரி. மிதவை கவிழ்ந்து மோட்டார் உள்ளே போய்விட்டது. காலையிலிருந்து லாரிகள் வரிசையில் நின்றன. குவாரிக்காரர் நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, "எம்புட்டு நேரம் ஆகும்? கார்டெல்லாம் வச்சிருக்கீகள்ல?" என்றார். பாண்டியும் இன்னொருவரும் இறங்குவதாக ஏற்பாடு. பாண்டிக்கு அதற்கு முந்தின மாதம்தான் நிச்சயம் ஆகியிருந்தது. இறங்கும் முன்னால் மேலிருந்து பார்த்தேன். தண்ணீர் பச்சையாக, ஒன்றுமே தெரியாமல் இருந்தது. எங்களுக்குக் கார்டு கொடுத்த கடலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கணம் தோன்றியது. தம்பிகளே, தங்கச்சி, அந்த ஒரு கணம்தான் நம் தொழில். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும், வேறு எதுவும் தெரிய வேண்டாம். லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

கீழே என்ன நடந்தது என்பதை அவனோடு இறங்கியவர் பிறகு சொன்னார். நூற்று நாற்பது அடியில் மோட்டாரைத் தொட்டதும் சேறு கிளம்பிவிட்டது. கை தெரியவில்லை. அறுந்து கிடந்த கேபிள் பாண்டியின் கண்ணாடியில் மாட்டி இழுத்துக் கழற்றிவிட்டது. அவன் குளத்தில் செய்ததையே செய்தான். உதைத்து மேலே வந்துவிட்டான். அந்த ஆழத்திலிருந்து வரும்போது வழியில் நின்று நின்று வர வேண்டும். அப்போதுதான் உடம்பில் கரைந்த காற்று மெதுவாக வெளியே போகும். நிற்காமல் அப்படியே வந்தால், மூடியைத் திறந்த சோடாவைப் போல இரத்தத்துக்குள்ளேயே குமிழி விட்டுவிடும்.

மேலே வந்தவன் சிரித்தான். "ஒண்ணுமில்லண்ணே, கண்ணாடி கழண்டுருச்சு. மறுபடி இறங்குதேன்" என்றான். வேண்டாம், உட்கார் என்றேன். லாரிக்காரர் ஒருவர் குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். பாதி குடித்தவன், "காலு மதமதன்னு இருக்கு" என்றான். உட்கார்ந்தே இருந்ததால் மரத்துப்போயிருக்கும் என்று நான் சொன்னேன். நானே சொன்னேன். எழுந்து நடக்கச் சொன்னேன். படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்திருக்க வேண்டும். எங்களிடம் ஆக்சிஜன் இல்லை. அந்தச் சாய்ந்துபோன ஜெராக்ஸ் கட்டில் முதல் பக்கமே அதுதான்: ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இறங்காதே. அந்தப் பக்கத்தின் கறுப்பு ஓரத்தைப் பார்த்த நான், அதில் எழுதியிருந்ததை அன்று படிக்கவில்லை, எல்லாம் முடிந்த பிறகுதான் எடுத்துப் படித்தேன்.

பைக்கில் நடுவில் உட்காரவைத்து விருதுநகருக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து மதுரை. அழுத்த அறை உள்ள இடத்துக்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மறுநாள் மதியம் ஆகிவிட்டது. இரண்டு கைகளும் நன்றாக இருக்கின்றன. இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பி வரவில்லை. பெண் வீட்டார் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

நான் அந்த மாதமே தண்ணீரை விட்டேன். மோட்டாரை வேறு ஆட்கள் வந்து எடுத்தார்களாம்.

அந்த வருடம் ஆடியில் பழைய அச்சகத்து நண்பர் ஒருவரைப் பார்க்கத் எங்கள் திருத்தங்கலிலேயே ஒரு பைண்டிங் கூடத்துக்குப் போனேன். மேஜைமேல் அதே அட்டை, அதே நீலக் கடல், அதே குமிழிகள். அடுக்கு அடுக்காகக் கிடந்தது. "இது இங்கன அடிக்கதா?" என்று கேட்டேன்.

"ஆமா, மூணு வருசமா நம்ம ஆர்டர்தான். வார்னிஷ் எப்படி? நான் பாத்துப் பாத்துப் போட்டது" என்றார் நண்பர்.

நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, எங்கள் ஆட்கள் அடித்த அச்சைப் பார்த்து மயங்கித்தான் அவ்வளவு தூரம் ரயில் ஏறிப் போயிருக்கிறேன். அந்த ஏஜென்சியை நான் குறை சொல்ல மாட்டேன். அதே ஏஜென்சியில் கண்டிப்பான ஆசிரியர்கள் எங்காவது இருக்கலாம். ஏஜென்சியின் பெயர் புத்தகத்தில்தான் இருக்கிறது. தண்ணீருக்குள் நம் எதிரில் உட்காருகிறவர் ஒரு மனிதர். நான் மனிதரைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்தேன்.

ஆகவே பாயின் மகன் புத்தகங்கள் அனுப்பியபோது நான் பிரிக்கவில்லை. பிரித்தால் என் கண் மறுபடி ரெஜிஸ்டரைத்தான் தேடும். அதற்குப் பதிலாகப் பழைய நோட்டில் எண்ணைத் தேடி அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். ஆறு வருடத்தில் ஒருமுறைகூடச் செய்ததில்லை. நான் இன்னார் என்று சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டேன். போன வருடம் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள்?

அவர் யோசிக்கவே இல்லை. மூன்றில் ஒருவர் திரும்பிப் போவார் என்றார். யார் யார், எதற்காக என்றும் சொன்னார். ஒருவர் காதுவலியை மறைத்தவர், ஒருவர் அவசரக்காரர், ஒருவர் தன் கூட்டாளியைத் திரும்பியே பார்க்காதவர். நீங்கள் எங்கே கற்றுக்கொள்ளப் போனாலும் இதைக் கேளுங்கள். யாரையும் திருப்பி அனுப்பியதில்லை என்று பெருமையாகச் சொன்னால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுங்கள். உங்கள் தண்ணீரைப் பற்றி அவர்கள் உங்களிடம் கேட்கிறார்களா என்றும் பாருங்கள். உங்களில் யாரையாவது வேண்டாம் என்று சொன்னால், அதைச் சொன்னபடியே அந்த ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். ஒரு சொல்லையும் நடுவில் முழுங்காதீர்கள்.

போனை வைக்கும் நேரத்தில் அவர் கேட்டார்: "அண்ணாச்சி, அந்தக் கிணத்துக்காரத் தம்பி கடைசிவரைக்கும் வரவே இல்லையே? சித்திரை வகுப்புல அவர் பேர எழுதி வச்சு ரெண்டு நாள் பாத்தேன்."

சொன்னேன். நடந்ததெல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் வரச் சொன்னத அவர்ட்ட சொன்னீகளா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"இப்பவாவது சொல்லிருங்க. தன்னைய யாரும் வேண்டாம்னு தள்ளலங்கறதாவது அவருக்குத் தெரியட்டும்" என்றார்.

நேற்றுக் காலையில் பாண்டியின் வீட்டுக்குப் போனேன். மாதம் ஒருமுறை போவதுதான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மடிமேல் பலகை வைத்துக்கொண்டு, ஒரு அச்சகத்துக்குக் காலண்டர் தாள் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கை அவ்வளவு வேகம். "வாங்கண்ணே, சாப்பிட்டீகளா?" என்றான். நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அந்தம்மா உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, பிறகு வரச் சொன்னார், நான்தான் உன்னிடம் மறைத்துவிட்டேன் என்று சொன்னேன். என்னை மன்னித்துவிடு என்றும் சொன்னேன்.

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டுவான் என்று தயாராகத்தான் போயிருந்தேன். கையிலிருந்த தாளின் மடிப்பை நகத்தால் மெதுவாக அழுத்தித் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"எந்த மாசம் வரச் சொன்னாகண்ணே?"

"சித்திரை."

தேய்த்த தாளை அடுக்கின் மேல் வைத்தான்.

"நாம குவாரிக்குப் போனது அதுக்கு முந்துன பங்குனியிலதானண்ணே" என்றான். பிறகு அடுத்த தாளை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.